பெயரில்லாத் தச்சரின் கோல்



தமிழில் கோல் என்னும் சொல் பல இடங்களில் பல பணிகளைச் செய்யும். அரசன் கையில் இருந்தால் அது செங்கோல்; வணிகனிடம் துலாக்கோல்; முதியவருக்கு ஊன்றுகோல்; மாணவருக்கு எழுதுகோல். இன்று நாம் பேசவிருப்பது இவற்றுள் எதனையும் பற்றியன்று. பச்சைத் துணி விரித்த மேசையின்மேல் வண்ணப் பந்துகளைத் தட்டி விளையாடப் பயன்படும் கோலைப் பற்றியே இன்றைய பேச்சு. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மூன்று ஆட்டங்களுக்கும் அது பொது. ஆங்கிலத்தில் அதனைக் கியூ என்பர்.

"கல்வி உரையில் சூதாட்டக் கூடத்துப் பொருளுக்கு என்ன வேலை?" என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கும் வரலாற்றில் விடை உண்டு. அதற்குமுன், இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மாலை, நம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். வயது 24. செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை. சிரம்பான் வட்டாரத்தில் நடக்கும் பூல் போட்டிகளில் ஆடி இரண்டு மூன்று கோப்பைகளும் பெற்றிருக்கிறார். தம் கைப்பேசியில் இரண்டு கோல்களின் படங்களைக் காட்டினார். ஒன்று உலகறிந்த நிறுவனத்தின் கோல். விலை 4,200 ரிங்கிட். மற்றொன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு சிறு பட்டறையில் ஒருவரே இருந்து, கேட்பவரின் அளவுக்கு ஏற்பச் செய்து தருவது. விலை 1,100 ரிங்கிட்.

"எதை வாங்கலாம், ஐயா? அந்தப் பட்டறைக்காரர் பெயரை இங்கே யாரும் கேட்டதே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்" என்றார்.

அவர் ஏமாந்தது முந்திய ஆண்டு. ஒரு வியாபாரியிடம், பெரிய பெயர் பொறித்த கோல் ஒன்றை 700 ரிங்கிட் கொடுத்து வாங்கினார். இரண்டே மாதத்தில் அந்தப் பெயர் உரிந்து வந்துவிட்டது. அடிப்பகுதியில் அழகாகத் தெரிந்த மரவேலையும் மரவேலை அன்று, ஒட்டிய படம். "காசு போனது போகட்டும், ஐயா. அப்பாதான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். நம் வீட்டுக்குள் அந்தக் கோலே வரக்கூடாது என்கிறார்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தந்தையை நாம் நன்கு அறிவோம். ரந்தாவ் பக்கம் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். அவர் சினத்திற்கு ஒரு காரணம் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே நாம் உடனே விடை சொல்லவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, இந்தக் கோலின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததில் தெளிந்ததையே நேயர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் கோல் பிறந்த கதை. ஐரோப்பாவில் இவ்வாட்டம் தொடங்கிய காலத்தில் இன்றைய கோல் இல்லை. ஒரு நீண்ட கைப்பிடியின் முனையில் அகன்ற மரக்கட்டை பொருத்திய தள்ளுகோலால் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேசையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் அகன்ற கட்டை அங்கே நுழையாது. அப்போது தள்ளுகோலைத் திருப்பிப் பிடித்து, அதன் மெல்லிய வால்பகுதியால் தட்டினார்கள். பிரெஞ்சு மொழியில் வாலுக்குக் கியூ என்று பெயர். கட்டை மறைந்தது, வால் நிலைத்தது. புறக்கணித்த பகுதியே பின்னாளில் முதன்மை பெற்றது. வரலாற்றில் இப்படியும் நடக்கும்.

அடுத்த மாற்றம் கோலின் நுனியில் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நாட்டு வீரர் மேங்கோ என்பவர் கோலின் நுனியில் சிறு தோல்வில்லை ஒன்றை ஒட்டி ஆடிக் காட்டினார். வெறும் மரநுனி பந்தின் நடுவை விட்டு விலகினால் வழுக்கிவிடும். தோல் நுனியோ பந்தைக் கவ்வும். பந்தைச் சுழலச் செய்யும். முன்னே போன பந்தைப் பின்னே வரவும் செய்யும். தோலுக்கு மேலும் பிடிப்புத் தர அதில் சுண்ணம் தடவும் வழக்கம் வந்தது. இன்று நாம் காணும் நீலநிறச் சாக்குக்கட்டிக்கு 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது.

மூன்றாவது மாற்றத்தில்தான் நம் தோட்டங்களின் கதை கலக்கிறது. பந்து மோதித் திரும்பும் மேசை ஓரத்தில் முன்பெல்லாம் துணியும் பஞ்சும் அடைத்த திண்டுகளே இருந்தன. 1830களில் இலண்டனைச் சேர்ந்த ஜான் தர்ஸ்டன் என்னும் மேசைத் தயாரிப்பாளர் அங்கே ரப்பரை வைத்துப் பார்த்தார். குளிர்காலத்தில் ரப்பர் கல்லாக இறுகிப்போயிற்று. ஆட்டத்திற்குமுன் வெந்நீர்த் தட்டுகளால் திண்டுகளைச் சூடாக்க வேண்டியிருந்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1840களில் பதப்படுத்திய ரப்பர்த் திண்டுகள் வந்தபின், குளிரிலும் வெயிலிலும் பந்து ஒரே சீராகத் திரும்பிற்று.

அக்காலத்து ரப்பர் பிரேசில் காட்டிலிருந்து போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததும், 20ஆம் நூற்றாண்டில் மலாயா உலகச் சந்தைக்கு ரப்பர் வழங்கும் முதன்மை நாடானதும், அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறியதும் நேயர்கள் அறிந்தவை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர்கள் வெட்டிய பால், கார்ச் சக்கரமாகியது, காலணியாகியது, கனவான்கள் ஆடும் மேசையின் ஓரத் திண்டுமாகியது. அந்த மேசைக்கு அருகில் நின்று ஆட மட்டும் அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஸ்னூக்கர் ஆட்டம் இந்தியாவில் பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையதிகாரி நெவில் சேம்பர்லைன், மழைக்காலப் பொழுதுபோக்காகப் பழைய ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். இவர் பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லைன் அல்லர். பெயர் மட்டுமே ஒன்று. இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் கேலியாக ஸ்னூக்கர் என்று அழைப்பது வழக்கம். பந்தைக் குழியில் விழவைக்கத் தவறிய நண்பரை அவர் அப்படி அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. பின்னர் சென்னை மாகாணப் படைத்தளபதியின் அலுவலகத்தில் பணியேற்று அவர் உதகமண்டலத்தில் தங்கினார். 1882இல் அங்கே ஊட்டி கிளப்பில்தான் ஆட்ட விதிகள் எழுதிச் சுவரில் மாட்டப்பட்டன. நீலகிரியில் எழுதிய விதிகளே, காலப்போக்கில் திருத்தம் பெற்று, இன்று உலகமெங்கும் வழங்குகின்றன.

ஊட்டியில் இருந்ததுபோன்ற கிளப்புகளை வெள்ளையர் மலாயாவிலும் அமைத்தனர். கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் 1884இல் தோன்றியது. நம் சிரம்பானில் சுங்கை ஊஜோங் கிளப் இருந்தது. தோட்டப் பகுதிகளில் துரைமார்கள் மாலையில் கூடும் சிறு கிளப்புகளும் இருந்தன. அவற்றின் முன்வாசல் வழியாகத் தோட்டத்துத் தமிழர் நுழைந்ததில்லை. பின்வாசல் வழியாகச் சமையற்காரராக, பரிமாறுபவராக, தோட்டக்காரராக நுழைந்தார்கள். இன்னொரு வேலையும் இருந்தது. அதுதான் மார்க்கர் வேலை.

மார்க்கர் என்றால் வெறும் எண்ணிக்கை குறிப்பவர் அல்லர். பந்துகளை எடுத்து அடுக்குவார், மேசைத் துணியைத் தூரிகையால் நீவுவார், இஸ்திரி போடுவார், கோலின் நுனித்தோல் தேய்ந்தால் மாற்றுவார், கோல் வளைந்தால் ஒதுக்கி வைப்பார், ஆட ஆள் இல்லாத துரைக்கு எதிராளியாகவும் நிற்பார். மேசையின் குணமும் கோலின் குணமும் அவரளவுக்கு அறிந்தவர் கிளப்பில் எவரும் இல்லை. ஆயினும் சுவரில் மாட்டிய வெற்றியாளர் பலகையில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

நம் மாணவரின் பாட்டனார் அப்படிப்பட்ட மார்க்கர். மகன் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, தந்தைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கிளப்பின் பின்படியில் உட்கார்ந்திருப்பாராம். உள்ளே இருந்து "பாய்" என்று அழைக்கும் குரல் கேட்குமாம். அழைக்கப்பட்டவருக்கு வயது ஐம்பது. அந்தக் குரலை மறக்காத மகன்தான் இன்று, "அந்தக் கோல் என் வீட்டுக்குள் வரக்கூடாது" என்கிறார். ஆட்டத்தின்மீது உள்ள வெறுப்பு என்று வெளியார் நினைப்பார்கள். அது அவமானத்தின் தழும்பு.

பூல் என்ற பெயர் மீதும் அவருக்கு ஐயம். அதிலும் நியாயம் இருக்கிறது. பூல் என்றால் ஆங்கிலத்தில் பலரும் சேர்ந்து போடும் பொதுப் பந்தயப் பணம் என்று ஒரு பொருள் உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பூல் அறை என்பது குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடம். பணம் கட்டியவர்கள் பந்தய முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆடுவதற்காக அங்கே பில்லியர்ட்ஸ் மேசைகள் போட்டார்கள். பந்தயத்தின் கெட்ட பெயர் பக்கத்திலிருந்த ஆட்டத்தின்மீது ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே. பள்ளிச் சீருடையோடு சிறுவர்கள் அத்தகைய கூடங்களில் பொழுதைக் கழிப்பதை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார், நாமும் ஏற்கவில்லை. ஆனால் உழைத்துச் சம்பாதிக்கும் இளைஞன் பந்தயம் கட்டாமல் ஒரு விளையாட்டில் தேர்ச்சி பெறுவது வேறு. 1998இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே இவ்வாட்டங்களுக்குப் பதக்கம் வழங்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்கு வெகுமுன்பே கிளப் சுவர்கள் இடியத் தொடங்கின. 1958இல் கல்கத்தாவில் இந்தியரான வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். 1973இல் பம்பாயில் அதே பட்டத்தை இலங்கையைச் சேர்ந்த லாஃபீர் வென்றார். 1988இல் தாய்லாந்து இளைஞர் ஜேம்ஸ் வட்டனா உலக அமெச்சூர் ஸ்னூக்கர் வீரரானார். 1999இல் பிலிப்பைன்ஸ் நாட்டு எஃப்ரன் ரேயஸ் ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் உலகப் பட்டம் பெற்றார். பந்து அடுக்கிய ஆசியர்கள் பட்டம் வெல்பவர்களானார்கள்.

ஆட்டக்காரருக்குப் பெயர் கிடைத்தது. கோல் செய்த தச்சருக்குக் கிடைத்ததா? இந்த இடத்தில் நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். பழைய ஆங்கிலேயக் கோல்களின் அடிப்பகுதியில் ஒரு சிறு தகடு பதித்திருக்கும். அதில் ஜோ டேவிஸ், வால்டர் லிண்ட்ரம் போன்ற பெரிய ஆட்டக்காரர் பெயரோ, விற்ற நிறுவனத்தின் பெயரோ இருக்கும். மரத்தைத் தேர்ந்து, உலர்த்தி, பிணைத்து, இழைத்துத் தந்தவரின் பெயர் அதில் இருக்காது. நாம் பெயருக்குப் பணம் கொடுக்கிறோம். ஆனால் அந்தப் பெயர் பெரும்பாலும் செய்தவர் பெயர் அன்று.

செய்தவரே பெயர் பெற்ற கதையும் உண்டு. ஜார்ஜ் பலபுஷ்கா 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். மரவேலை அவர் தொழில். பூல் அவர் விருப்பம். 1959 வாக்கில் நண்பர்களுக்குக் கோல் செய்து கொடுக்கத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய மூலப்பொருள் என்ன தெரியுமா? பொதுக்கூடங்களுக்காகத் தொழிற்சாலையில் செய்த சாதாரண ஒற்றைக் கோல்கள். அவற்றை அறுத்துக் கடைந்து, நடுவில் திருகு இணைப்பு வைத்து, எடையைச் சமன்செய்து இரண்டு துண்டுக் கோலாக்கினார். சிகாகோவில் ஹெர்மன் ராம்போ என்பவர் அவருக்கு முன்பே அவ்வாறு செய்துவந்தார். 1975இல் பலபுஷ்கா மறைந்தார். 1986இல் வெளியான ஹாலிவுட் படம் ஒன்றில் அவர் பெயர் ஒலித்தபின், அவர் கைபட்ட கோல்கள் சேகரிப்போரின் பெரும் பொக்கிஷமாகிவிட்டன. 1960களின் தொடக்கத்தில் அவரிடம் கோல் வாங்கியவர்கள் பெயரைப் பார்த்து வாங்கவில்லை. வேலையைப் பார்த்து வாங்கினார்கள். அன்று அவரும் பெயர் தெரியாத ஒரு தச்சரே.

விலைக்கும் வெற்றிக்கும் உறவு உண்டா என்பதற்கு இன்னொரு சான்று. ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்ட்ரி 1990 முதல் 1999 வரை ஏழுமுறை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார். ஏழு வெற்றிக்கும் அவர் கையில் இருந்தது சிறுவயதில் வாங்கிய 40 பவுன் கோல். இடையில் அது திருட்டுப்போனபோது, மீட்டுத் தருவோருக்கு 10,000 பவுன் தருவதாக அறிவித்தார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. நாற்பது பவுன் பொருளுக்குப் பத்தாயிரம் பவுன் பரிசு! கையோடு பழகிய கோலின் மதிப்பு விலைச்சீட்டில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, சிறு பட்டறைக் கோல் ஏன் மலிவாகிறது? விளம்பரம் இல்லை, இடையில் தரகர் இல்லை, கடை வாடகை இல்லை, பெயருக்கான கூலி இல்லை. தாய்லாந்தில் ஸ்னூக்கர் கோலும், பிலிப்பைன்ஸில் பூல் கோலும் கையால் செய்யும் பட்டறைகள் பல உண்டு. ஆயின் மலிவின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒருவரே செய்வதால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். கோல் கோணினால் யாரிடம் முறையிடுவது என்ற கவலை உண்டு. பின்னாளில் விற்கப் போனால், பெயர் தெரியாத கோலுக்கு நல்ல விலை கிடைப்பது அரிது. இவற்றை அறிந்தே இறங்கவேண்டும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். கோலுக்குப் பல் எங்கே இருக்கிறது? நாம் அறிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது மரம். ஸ்னூக்கர் கோலின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரம்; பூல் கோலின் தண்டு பெரும்பாலும் மேப்பிள் மரம். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே உடையவை. கூடங்களில் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கும் மலிவுக் கோல்களில் நம் நாட்டுச் சதுப்புக்காட்டு ராமின் மரமும் பயன்பட்டுவந்தது. அடிப்பகுதிக்குக் கருங்காலியும் தோதகத்தியும் பெயர்பெற்றவை. தண்டின் மரவரி நுனிமுதல் அடிவரை நேராக ஓடவேண்டும். வரி குறுக்கே வழிந்தால், இன்று நேராக இருக்கும் கோல் நாளை வளையும்.

இரண்டாவது நேர்மை. கோலை மேசையில் உருட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. துப்பாக்கியைக் குறிபார்ப்பதுபோல் அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணால் பார்த்து, கோலை மெல்லச் சுழற்றவேண்டும். இரண்டு துண்டுகளையும் தனித்தனியே பார்த்து, பின் திருகிச் சேர்த்தும் பார்க்கவேண்டும். இணைப்பில் மயிரிழை இடைவெளியும் கூடாது.

மூன்றாவது அளவு. பூல் கோல் பொதுவாக 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் எடை, நுனி 12 அல்லது 13 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்னூக்கர் பந்து சிறியது. ஆதலால் அதன் கோல்நுனியும் 9 அல்லது 10 மில்லிமீட்டர் அளவே. ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது கரண்டியால் மண்வெட்டுவது போன்றது. அளவு சொல்லிச் செய்விப்பதன் பயன், நம் உயரத்துக்கும் கைக்கும் ஏற்ற எடையும் பருமனும் கிடைப்பதே. தங்கவரியும் முத்துப்பதிப்பும் பந்தைக் குழியில் தள்ளமாட்டா.

நான்காவது வேலைப்பாடு. அடிப்பகுதியில் மேல்நோக்கி எழும் கூர்முனைகள் உண்மையான மரப் பிணைப்பா, ஒட்டிய படமா என்று பார்க்கவேண்டும். உண்மையான மரமாயின் மரவரி தெரியும். நிறம் மாறும் இடத்தில் இரண்டு மரங்களின் குணமும் தெரியும். நுனித்தோலுக்குக் கீழுள்ள பூண் இறுக்கமாக அமர்ந்திருக்கவேண்டும்.

ஐந்தாவது, செய்பவர். அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. மரத்தை எத்தனை காலம் உலர்த்தினீர்? ஒரே நாளில் கடைந்து முடித்தீரா, சிறிது சிறிதாகக் கடைந்து ஆறவிட்டீரா? கோல் வளைந்தால் தண்டை மாற்றித் தருவீரா? நல்ல தச்சர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை சொல்வார். மழுப்புபவரிடம் பணம் கொடுக்கக்கூடாது. மாதிரிக் கோலின் படத்தை ஏற்காமல், நமக்கென்று செய்யும் கோலின் படத்தையே ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கலாம். அவரிடம் வாங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆடியவர் ஒருவரையாவது தேடிக் கேட்கவேண்டும். முழுப்பணத்தையும் முன்பணமாகத் தருவது தவறு. தோதகத்தி இனத்து மரங்கள் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் என்ன மரம், என்ன அனுமதி என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

வாங்கியபின் காப்பது நம் கடமை. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் கோலைப் போட்டு வைப்பதும், சுவரில் சாய்த்து வைப்பதும் அதனைக் கெடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தால் பல்லாண்டு உழைக்கும். இத்தனைக்கும் பிறகு பந்து குழியில் விழவில்லையென்றால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகக் கோலைக் குறைசொல்லக்கூடாது!

ஒரு வாரம் கழித்து இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னோம். "அப்பாவிடமும் சொல்லுங்கள், ஐயா" என்றார். அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஊட்டியைப் பற்றியும், வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ரப்பரைப் பற்றியும், பலபுஷ்காவைப் பற்றியும் தந்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பின் எழுந்து கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு நீண்ட கழி. துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக்கொடுக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட கழி அது.

"அப்பா செஞ்சது, வாத்தியாரே. கிளப்பில் ஒடிஞ்சதுன்னு தூக்கிப் போட்ட ரெண்டு கோலைச் சேர்த்து ஒட்டினார். ராத்திரி துரைங்க போனப்புறம் அதை வச்சு ஆடுவாராம்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். வெயிலும் மழையும் பட்டு வளைந்துதான் போயிருந்தது. நுனித்தோல் இல்லை. தகடும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் இரண்டு மரங்களும் சேர்ந்த இடத்தில் விரலை ஓட்டினால் சேர்ந்த இடமே தெரியவில்லை. ஐம்பது ஆண்டு வெயிலும் மழையும் அந்தப் பிணைப்பைப் பிரிக்கவில்லை. பேரப்பிள்ளையும் அதே இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். இப்படி ஒரு பொருள் தம் வீட்டுக் கொல்லையில் இருப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது.

"எந்தக் கோலை வாங்கப் போறே?" என்று தந்தை கேட்டார். மகன் பிலிப்பைன்ஸ் பட்டறையின் படத்தைக் காட்டினார். தந்தை கண்ணருகில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மரவரி நேரா ஓடுதான்னு கேட்டு வாங்கு. பாதிப் பணத்தை மட்டும் முதல்ல அனுப்பு" என்றார். அவ்வளவே அவர் சொன்னது. அதற்குமேல் நாம் பேச வேண்டியிருக்கவில்லை.

கோல் மூன்று மாதத்தில் வந்து சேர்ந்தது. நேராகவே இருக்கிறது. மாணவர் அதனைக் கொண்டு ஒரு போட்டியில் வென்றார், இரண்டில் தோற்றார். ஆட்டம் என்றால் அப்படித்தான். பழைய கழி இப்போது கொடிக்கு முட்டாக இல்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது.

நேயர்களே, ஒரு பொருளை வாங்கும்போது அதன்மேல் எழுதிய பெயரைப் படிப்பது எளிது. அதைச் செய்த கையைப் படிப்பதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். மேசைக்கும், மேசைத் திண்டுக்கும், கோலுக்கும் பின்னால் பெயர் எழுதப்படாத கைகள் எத்தனையோ இருந்தன. அவற்றுள் நம்மவர் கைகளும் இருந்தன என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.